இருபது வருடம் மழையில் நின்ற கள்ளி வெள்ளவத்தை பல்கனியில் ஏன் அழுகுகிறது?

கேள்வி: வெள்ளவத்தை_மூன்றாம்தளம்

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்த என் பெரியம்மாவின் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தூண் கள்ளி இருபது வருடங்களுக்கு மேலாக நின்றது. கண்ணூறு படாமலிருக்க யாரோ கொண்டுவந்து வைத்தது என்று சொல்வார்கள். வாய் உடைந்த மண்சாடியொன்றில் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த அதற்கு எவரும் தண்ணீர் ஊற்றியதாகவோ, மழைக்கு மறைவாக நகர்த்தி வைத்ததாகவோ எனக்கு நினைவில்லை. சென்ற வருடம் அந்த வீட்டை விற்றபோது, அதன் அடியில் கிளைத்திருந்த முழங்கை நீளமான கன்றொன்றை வேருடன் பெயர்த்தெடுத்து, வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடிக்குக் கொண்டுவந்தேன்.

இங்கே அதற்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பளபளப்பான புதிய பிளாஸ்டிக் சாடி, அதற்குப் பொருத்தமான அடித்தட்டு, கடையில் வாங்கிய நடுகைக் கலவை, பத்து நாட்களுக்கு ஒரு தடவை அளந்து ஊற்றிய ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தேன். ஆனால் மே மாத இறுதியில் மழை தொடங்கியதிலிருந்து செடியின் அடிப்பகுதி மஞ்சளாகி, இப்போது விரலால் அழுத்தினால் பழுத்த பப்பாசிப்பழம் போல அமிழ்கிறது. எங்கள் பல்கனி கடலைப் பார்த்தது. காற்றோடு வரும் மழை உள்ளே அடிக்கும்.

இதோடு வாங்கிவைத்த ஐந்து சிறிய கள்ளிகளில் மூன்று ஏற்கனவே போய்விட்டன. மிஞ்சியவற்றில் ஒன்று, தன்னைச் சுற்றிலும் குட்டிகளை ஈன்றிருக்கும் உருண்டைக் கள்ளி. மற்றையது பச்சைத் தண்டின் மேல் சிவப்புத் தலை வைத்தது. ஜூன் மாதத்தில் உருண்டைக் கள்ளியின் குட்டியொன்றைக் கிள்ளியெடுத்து, ஒரு காணொளியில் சொன்னபடி மூன்று நாட்கள் உலரவிட்டு நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரத்தில் அது பூஞ்சணம் பிடித்து அழுகிவிட்டது.

பெரியம்மாவின் கள்ளியைக் காப்பாற்ற வழி உண்டா? குட்டிகளை வேர்பிடிக்க வைப்பது எப்படி? எல்லாவற்றுக்கும் மேலாக, அதே ஊரில், அதே மழையில், கவனிப்பாரின்றி நின்ற செடி, இத்தனை கவனிப்போடு வளர்க்கும்போது ஏன் சாகிறது என்பதை யாராவது விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: தெஹிவளை_முள்தோட்டம்

சகோதரி, முதலில் கத்தியை எடுங்கள். காரணத்தைப் பிறகு பேசலாம். அடியழுகல் தண்டின் நடுவழியாக மேலேறும். வெளியே இரண்டு அங்குலம் மென்மையாகத் தெரிந்தால், உள்ளே அது நான்கு அங்குலம் ஏறியிருக்கக்கூடும்.

கூரிய, மெல்லிய அலகுள்ள கத்தியைச் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அழுகிய இடத்துக்குச் சற்று மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் ஒரு வளையம் தெரியும். நீரும் உணவும் செல்லும் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த வளையத்திலோ அதைச் சுற்றியுள்ள சதையிலோ ஊசிமுனை அளவு கபிலப் புள்ளியோ செம்மஞ்சள் நிறமோ தென்பட்டால், கத்தியை மறுபடி துடைத்துவிட்டு ஒரு விரற்கடை மேலே வெட்டுங்கள். துடைக்காமல் வெட்டினால் நோயை நீங்களே நல்ல சதைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். முகம் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக வரும்வரை நிறுத்த வேண்டாம். ஒரு சாண் நீளம் மிஞ்சினாலும் அது போதும். பிறகு வெட்டின் விளிம்பைப் பென்சில் சீவுவதுபோலச் சுற்றிவரச் சரிவாகச் சீவிவிடுங்கள். உலரும்போது நடுப்பகுதி உள்ளிழுக்கப்பட்டுக் குழியாகிவிடும். விளிம்பைச் சீவாவிட்டால், வேர் வரும் வளையம் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

இனி உலர்த்தல். காணொளிகளில் சொல்லப்படும் மூன்று நாள் கணக்கு வறண்ட ஊர்களுக்கு உரியது. தென்மேற்குப் பருவமழைக் காலக் கொழும்பில், துவைத்துக் கொடியில் போட்ட துவாய் இரண்டு நாளாகியும் காயாமல் கிடப்பதைப் பார்க்கும் நாம், தண்ணீரைச் சேமிப்பதற்கென்றே உருவான ஒரு தண்டின் காயம் மூன்று நாளில் ஆறும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? விரல் பருமனுள்ள குட்டிக்கு ஏழு முதல் பத்து நாட்கள் கொடுங்கள். கைப்பருமனுள்ள தூண் கள்ளிக்கு மூன்று வாரங்கள், தேவையானால் நான்கு. நாட்களை எண்ணுவதைவிட முகத்தைத் தொட்டுப் பார்ப்பது நல்லது: ஆறிய புண்ணின் பொருக்குப்போல முழுவதும் இறுகியிருக்க வேண்டும், எந்த இடத்திலும் குளிர்ச்சியோ பிசுபிசுப்போ இருக்கக்கூடாது. அத்தனை நாட்களும் துண்டை நேர்வெயில் படாத, மின்விசிறிக் காற்று படும் இடத்தில், வெற்றுச் சாடியொன்றுக்குள் செய்தித்தாளைக் கசக்கி அணைகொடுத்து நிமிர்ந்த நிலையில் வையுங்கள். கிடையாகப் போட்டுவைத்தால் நுனி வெளிச்சத்தை நோக்கி வளையும். சில வேளை பக்கவாட்டில் வேரும் விடும். வெட்டிய உடனே முகத்தில் சிறிது கறுவாத் தூளைத் தூவுவது என் வழக்கம்.

உலர்ந்ததும் இரண்டு அங்குலத்துக்கு மேல் புதைக்காமல் நட்டு, இரண்டு கம்புகளால் தாங்கு கொடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் இருங்கள். இதுதான் கடினமான பகுதி. செடி சற்றே சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் அதை வேர்விடத் தூண்டுகிறது. இரண்டு மூன்று வாரங்களின் பின்னர் மெதுவாக அசைத்துப் பார்க்கையில் மண் பிடித்திழுப்பதுபோல உணர்ந்தால் வேர் வந்துவிட்டது என்று பொருள்; முதல் தண்ணீரை அப்போது ஊற்றலாம். குட்டிகளுக்கும் இதே முறைதான். பிரியும் இடத்தில் இறுக்கமாக இருந்தால் கிள்ளாமல் கத்தியால் வெட்டுங்கள், ஏனெனில் கிழிந்த காயம் ஆறத் தாமதமாகும்.

உங்கள் பெரியம்மாவின் கள்ளி ஏன் சாகவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அந்தச் செடி அத்தனை மழையையும் வாங்கிக்கொண்டுதான் நின்றது. ஆனால் மொட்டைமாடியில் மழை விட்ட மறுகணமே வெயிலும் காற்றும் நான்கு பக்கமும் வேலை செய்கின்றன. மண்சாடியின் சுவர் ஈரத்தை வெளியே கசியவிடுகிறது. உடைந்த வாய் காற்றை உள்ளே விடுகிறது. இருபது வருட வேர் சாடியை நிறைத்திருப்பதால், தேங்கும் அளவுக்கு மண்ணே மிச்சமில்லை. காலையில் பெய்த மழை மாலைக்குள் போய்விடும். உங்கள் பிளாஸ்டிக் சாடியில், தும்புத் தூள் மிகுந்த கலவையில், அடித்தட்டில் தேங்கிய நீரின் மேல், நீங்கள் அளந்து ஊற்றிய ஒரு கோப்பைத் தண்ணீர் பத்து நாளும் அங்கேயே இருந்திருக்கும், அது முடியுமுன் அடுத்த கோப்பை வந்திருக்கும். எவ்வளவு நனைகிறது என்பதல்ல, எவ்வளவு நேரம் நனைந்து கிடக்கிறது என்பதுதான் கள்ளியின் கணக்கு. ஆகவே நாட்காட்டியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். ஒரு தென்னை ஈர்க்கைச் சாடியின் அடிவரை செருகி, கால்மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். அடிநுனி குளிர்ந்தோ மண் ஒட்டியோ வந்தால், எத்தனை வாரமானாலும் ஊற்ற வேண்டாம்.

கலவைக்கு, பருமணல் மூன்று பங்கு, பயறளவு உடைத்த செங்கல் ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெருவும் உமிக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு என்று நான் எடுக்கிறேன். மணலை நுளம்பு வலைத் துண்டொன்றில் அரித்து, வலையின் கீழே விழுவதை எறிந்துவிட்டு மேலே நிற்பதை மட்டும் கழுவிப் பயன்படுத்துங்கள். நுண்மணல் சீமெந்துபோல இறுகிவிடும். வீட்டு வாசலில் கடல் இருக்கிறதே என்று அந்த மணலை மட்டும் அள்ளிவிடாதீர்கள், அதில் உப்பு இருக்கிறது.

சாடிக்கு நீங்கள் செலவழிக்கவே தேவையில்லை. எருமைத் தயிர் வாங்கும் மண்சட்டி, ஆழம் குறைந்து வாய் அகன்றிருப்பதால் உருண்டைக் கள்ளிகளுக்கு மிகவும் பொருத்தமானது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அடியில் மூன்று துளைகளை மெதுவாகத் துளையிட்டால் போதும். நான் முதலில் ஊறவைக்காமல் துளையிட்டு நான்கு சட்டிகளை உடைத்தேன். அந்த வாரம் முழுவதும் வீட்டில் தயிரும் கித்துள் பாணியும்தான்.

பதில்: யன்னலோரம்

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். கறுவாத் தூள் விடயத்தில் மட்டும் எனக்கு வேறு அனுபவம். ஈரமான முகத்தில் அதைத் தாராளமாகத் தூவும்போது, தூள் சாற்றை உறிஞ்சிப் பசைபோலாகி, அடியில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. என் இரண்டு துண்டுகள் அந்தப் பசைக்குக் கீழேதான் அழுகின. காற்றும் பொறுமையும் போதும் என்பது என் முடிவு.

அடித்தட்டைப் பற்றி ஒரு சொல். அதை இன்றே அகற்றிவிடுங்கள். கள்ளியின் வேருக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் தேங்கும் நீர் டெங்கு நுளம்பு முட்டையிட வசதியான இடம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கீழ்வீட்டாருக்கு நீர் சொட்டும் என்று தயங்கினால், தண்ணீர் ஊற்றும் நாளில் மட்டும் சாடியைக் கழுவுதொட்டிக்கு எடுத்துச் சென்று, வடிந்த பின் திரும்ப வையுங்கள்.

ஒளியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் பல்கனி தெற்குப் பார்த்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பின் நேருச்சியைக் கடந்து வடக்கே போகும் சூரியன் செப்டெம்பர் முதல் வாரத்தில்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட ஐந்து மாதங்களும் தெற்குச் சுவரில் நேர்வெயில் விழுவதில்லை. அந்த மாதங்களே பருவமழை மாதங்களாகவும் இருப்பதால், என் செடிகள் வெயில் இல்லாத வேளையில் ஈரத்தை வாங்கி, நுனி வெளிறி, மெழுகுதிரிபோல மெலிந்து நீண்டன. அப்படி மெலிந்த பகுதி பிறகு எத்தனை வெயில் காட்டினாலும் பருக்காது. இப்போது மே மாதம் பிறந்ததும் எல்லாச் சாடிகளையும் மறுபக்க அறையின் யன்னலுக்கு மாற்றிவிடுகிறேன். உங்களுடையது மேற்குப் பார்த்தது என்பதால் பிற்பகல் வெயில் வருடம் முழுவதும் கிடைக்கும். மழைக்கு மட்டும் ஒளி ஊடுருவும் தகடொன்றைச் சரிவாகப் பொருத்தினால் போதும். பக்கங்களை அடைத்துவிடாதீர்கள், காற்று வேண்டும். உள்ளறையிலிருந்து வெயிலுக்கு மாற்றும் எந்தச் செடியையும் இரண்டு வாரங்களுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். வெயில் சுட்ட தழும்பு ஆறினாலும் அடையாளம் மறையாது.

பதில்: விதைப்பெட்டி

உங்கள் சிவப்புத் தலைக் கள்ளியைப் பற்றிச் சொல்லவே இதை எழுதத் தொடங்கினேன். அது ஒரு செடியன்று, இரண்டு. மேலே இருப்பது ஜிம்னோகலிசியம் என்ற தென்னமெரிக்கக் கள்ளியின் பச்சையம் அற்ற வடிவம். தானாக உணவு தயாரிக்க முடியாத அதனை, டிராகன் பழக் கொடியின் தண்டில் ஒட்டி உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆகவே சிவப்புக் குட்டிகளை எவ்வளவு முறையாக உலர்த்தி மண்ணில் நட்டாலும் அவை வாழமாட்டா. அவற்றைப் பெருக்க வேண்டுமானால் புதிய தண்டில் ஒட்டத்தான் வேண்டும். டிராகன் பழத் தண்டுக்குக் கொழும்பில் குறைவில்லை. ஒரு துண்டை நட்டு, வேர்பிடித்துச் செழித்த பின் அதன் தலையைச் சமமாக வெட்டி, மூன்று விளிம்புகளையும் சரிவாகச் சீவி, குட்டியின் அடியையும் சமமாக வெட்டி, இரண்டு முகங்களும் உலருமுன் உடனே பொருத்த வேண்டும். முன்னவர் சொன்ன நடுவளையம் இரண்டிலும் உண்டு. சிறிய வளையத்தைப் பெரியதன் நடுவில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போகலாம். ஆதலால் சற்று ஒதுக்கி, வளையங்கள் ஓரிடத்திலாவது வெட்டிக்கொள்ளுமாறு வையுங்கள். இறப்பர் பட்டியால் சாடியோடு சேர்த்து இறுக்கி, பத்து நாட்கள் நிழலில் வைத்தால் ஒட்டிவிடும். குளிர் நாடுகளில் டிராகன் பழத் தண்டு குளிரால் செத்துப்போவதுதான் இந்தச் செடியின் பெரிய பலவீனம். நமக்கு அந்தக் கவலை இல்லை. என்றாலும் தண்டு தளரும் அறிகுறி தெரிந்தால் காத்திராமல் தலையைப் புதிய தண்டுக்கு மாற்றுங்கள்.

அடுத்ததாக, எந்தக் கள்ளியை வாங்குகிறோம் என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. கள்ளிகள் நீரிழப்பைக் குறைப்பதற்காக இலைவாய்கள் எனப்படும் நுண்துளைகளை இரவில் திறந்தே கரியமிலவாயுவை எடுத்துக்கொள்கின்றன, பகலில் மூடிக்கொள்கின்றன. இரவின் வெப்பநிலை அவற்றுக்கு முக்கியமாவது அதனால்தான். அந்திஸ் மலைகளிலிருந்து வந்த ரெபூற்றியா போன்றவை குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியவை. வருடத்தின் பெரும்பகுதியில் இரவும் 24 பாகையைச் சுற்றியே நிற்கும் கொழும்பில் அவை பூப்பது அரிது, காலப்போக்கில் நலிந்துவிடும். குளிரான மலைநாட்டுப் பண்டாரவளையில் யாராவது உறவினர் இருந்தால் அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். மாறாக, கரிபியன் தீவுகளிலும் பிரேசில் பக்கத்திலும் வளரும் மெலோகக்ரஸ், குளிர் தாங்காது, சூடான இரவுகளை விரும்புவது. முதிர்ந்ததும் உச்சியில் கம்பளித் தொப்பிபோன்ற ஒன்று வளர்ந்து, அதிலிருந்து சிறிய மிளகாய் வடிவில் இளஞ்சிவப்புப் பழங்கள் தாமாகப் பிதுங்கி வரும். இது குட்டி போடாது; விதையால்தான் பெருக்க வேண்டும். ஆனால் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், ஒரே செடி போதும்.

விதை முளைப்பில் நம் வெப்பநிலை நமக்குச் சாதகமானது. பழத்தைப் பிதுக்கி விதைகளைக் கழுவி, ஒருநாள் தாளில் உலர்த்துங்கள். துளையிட்ட யோகட் கோப்பையில் மேலே சொன்ன கலவையை நன்றாக அரித்து நிரப்பி, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, விதைகளை மேற்பரப்பில் தூவுங்கள், மூட வேண்டாம். கோப்பையை ஒளி ஊடுருவும் பைக்குள் இட்டு முடிந்து, வெளிச்சம் உள்ள ஆனால் நேர்வெயில் படாத இடத்தில் வைத்தால் ஓரிரு வாரங்களில் பச்சைக் குண்டுமணிகள் போல முளைக்கும். முதல் இரண்டு மாதங்கள் பையைத் திறக்கும் ஆசையை அடக்குங்கள். பிறகு ஊசித்துளை, பெரிய துளை என்று மெதுவாகக் காற்றைப் பழக்குங்கள். விந்தை என்னவென்றால், வளர்ந்த கள்ளியைக் கொல்லும் அதே ஈரக்காற்றுத்தான் அதன் குழந்தையைக் காப்பாற்றுகிறது.

இன்னொன்று. எல்லாக் கள்ளியும் பாலைவனத்துப் பிள்ளை அல்ல. இரவில் மலர்ந்து விடியுமுன் வாடும், கடுபுல் என்று இங்கே எல்லோரும் அறிந்த செடியும் கள்ளியே. ரிப்சாலிஸ் பக்சிஃபெரா என்ற, மெல்லிய கயிறுகள் போலத் தொங்கி வளரும் கள்ளி, அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாகக் காணப்படும் ஒரே கள்ளி இனம். ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் நம் இலங்கையிலும் ஈரலிப்பான காடுகளின் மரங்களில் அது வளர்கிறது. மற்றவை எல்லாம் இங்கே விருந்தாளிகள். அவற்றுள் ஒன்றான நாகதாளி பூந்தலைப் பக்கம் விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகவே மாறிவிட்டது வேறு கதை. கடுபுல்லையும் ரிப்சாலிஸையும் தும்புத் தூள், கரித்துண்டு, சிறிது கூட்டெரு சேர்ந்த தளர்வான கலவையில், மர நிழல் போன்ற வடிகட்டிய ஒளியில் வளருங்கள். ஒரு சாண் தண்டை வெட்டி ஒரு வாரம் உலர்த்தி நட்டால் வேர்பிடித்துவிடும். மழைச்சாரல் அடிக்கும் உங்கள் பல்கனியில் இவை மகிழ்ச்சியாக இருக்கும். பிற்பகல் நேர்வெயிலுக்கு மட்டும் ஒரு திரை வேண்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். வெட்டும்போது வெள்ளைப் பால் வடிந்தால் அது பெரும்பாலும் கள்ளி இனமாக இராது. நம் ஊர்ச் சதுரக்கள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழில் கள்ளி என்ற பெயர் முதலில் அந்தக் குடும்பத்துக்கே உரியதாக இருந்ததால், கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அவற்றை வெட்ட வேண்டாம்.

கேட்டவர்: வெள்ளவத்தை_மூன்றாம்தளம்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு வெட்டினேன். பால் வரவில்லை, தெளிந்த வழுவழுப்பான சாறுதான் வந்தது. நான்கு தடவை வெட்டிய பிறகுதான் புள்ளி இல்லாத முகம் கிடைத்தது. ஐயா சொன்னபடியே அழுகல் வெளியே தெரிந்ததைவிட இருமடங்கு ஏறியிருந்தது. இப்போது ஒரு சாணுக்குச் சற்று மேல் மிஞ்சியிருக்கிறது. கறுவாத் தூள் போடவில்லை. ஒரு துண்டை மட்டும் நம்பியிருக்க அச்சமாக இருப்பதால், இதை இரண்டாக வெட்டி இரண்டையும் உலர்த்தலாமா என்று யோசிக்கிறேன். அது சரியா?

பதில்: தெஹிவளை_முள்தோட்டம்

இரண்டாக வெட்ட வேண்டாம், சகோதரி. வேர் இல்லாத துண்டு தன்னுள் இருக்கும் நீரையும் உணவையும் கொண்டுதான் வேர் விட வேண்டும். பாதியாக்கினால் சேமிப்பும் பாதியாகும், அழுகல் நுழையக்கூடிய காயமோ ஒன்றுக்கு மூன்றாகும். முழுதாக வேர்பிடித்து, புதிய வளர்ச்சி நுனியில் தெளிவாகத் தெரிந்த பிறகு தலையை வெட்டிக்கொள்ளலாம். அப்போது தலை ஒரு செடியாகும், அடியில் நிற்கும் கட்டை முட்கண்களிலிருந்து இரண்டு மூன்று கிளைகளை விடும். கறுவாத் தூளை விட்டது நல்லதே. யன்னலோரம் எழுதியதைப் படித்தபின், நானும் அடுத்த தடவை அதைப் போடாமல் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

இப்போது வெட்டிய துண்டு ஓகஸ்ட்டில் மண்ணுக்குப் போகும், செப்டெம்பரில் வேர் இருக்கும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் கொழும்பில் பெய்யும் மாலைமழை மிகக் கடுமையானது. இளவேர் கொண்ட அதை அந்த இரண்டு மாதங்களும் நனையவே விடாதீர்கள். ஜனவரி, பெப்ரவரியின் வறண்ட வெயிலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம், சாடியும் மாற்றலாம். அதற்குள் பழைய வீட்டை வாங்கியவர்கள் எறிந்துவிடாமல் இருந்தால், அந்த வாயுடைந்த மண்சாடியைக் கேட்டு வாங்கிவர முயலுங்கள்.